மூன்றாவது பெயர்

நான் அழகமுத்து. இலங்கையில் எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவன். தொண்ணூற்றெட்டாம் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னைக் காறித் துப்பினாலும் பரவாயில்லை.

நாலு மாதம் மூடிக் கிடந்த ஏழாம் நம்பர் மலையை அன்று காலையில்தான் திறந்தார்கள். கொழுந்து பறிக்கப் பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். பனிமூட்டம் செடிகளுக்கு மேலே அசையாமல் நின்றது. கொழுந்து வாசத்துக்குப் பதில் கருகிய ரப்பர் வாசம் வந்தது. நாலு மாத மழைக்கும் அது போகவில்லை.

பட்டாளத்தின் பயிற்சி விமானம் அங்கேதான் விழுந்தது. யுத்தத்துக்கு ஓட்டப் பழகிக்கொண்டிருந்த இரண்டு பேர் அதில் செத்தார்கள். அவர்கள் பெயர் வெட்டிய கல் அடிவாரத்தில் நிற்கிறது. அன்று அங்கே கொழுந்து பறித்து அவர்களோடு எரிந்துபோன வேலம்மாவுக்கு எதுவும் இல்லை. மலையில் வேலையாட்கள் யாருமே இருக்கவில்லை என்று ஒரு கடதாசி எழுதி, தோட்டத்துத் துரை என் கையெழுத்தைக் கேட்டார். விசாரணை வந்தால் அவருக்குத் தொந்தரவாம். நானும் போட்டேன். சாம்பலோடு அள்ளியதெல்லாம் இரண்டு பெட்டிக்குள் போயிற்று.

மூன்று பேர். இரண்டு பெட்டி.

அந்தக் குழப்பத்தில் வேலம்மா எவனோடோ ஓடிப்போனாள் என்று நாங்கள் குடியிருக்கும் லயம் முழுக்கக் கதை கட்டிவிட்டார்கள். அவள் மகள் சுந்தரம்மா நாலு மாதமாக அதைக் கேட்டுக்கொண்டு, தலை குனிந்தே வேலைக்கு வந்தாள். அன்றும் வந்திருந்தாள்.

முதல் கொழுந்தைக் கூடையில் போடும்போது பெண்கள் எல்லோரும் "பொலி, பொலி" என்று குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். அன்றும் கொடுத்தார்கள். பன்னிரண்டு குரலும் அடங்கின.

பிறகு கடைசி நிரையிலிருந்து தனியாக ஒரு குரல் வந்தது.

"பொலி."

அந்த நிரையில் நான் யாரையும் வேலைக்கு விடவில்லை.

"யாருடி அங்க?" என்றாள் பாப்பம்மா, மூச்சுக்குள்ளேயே.

கொழுந்து ஒடியும் சத்தம் மட்டும் கேட்டது. ஆள் இல்லாத நிரையில் ஒவ்வொரு செடியாக அசைந்தது. அசைவு என்னை நோக்கி வந்தது. தலைக்கு மேலே எஞ்சின் இரைந்தது. வானத்தில் ஒன்றுமில்லை.

காதருகில் சூடாக ஒரு மூச்சு.

"கங்காணி ஐயா, நான் ஓடட்டுங்களா?"

விமானம் தாழ வந்த அன்று வேலம்மா கேட்டது அதைத்தான். மற்றப் பெண்கள் கேட்காமலே கூடையைப் போட்டுவிட்டு மூட்டத்துக்குள் ஓடிவிட்டார்கள்; இவள் நின்றதை யாரும் பார்க்கவில்லை. இவள் என்னை மதித்துக் கேட்டாள். "இந்த நிரைய முடிச்சிட்டுப் போ" என்றேன். சொல்லிவிட்டு நான் ஓடினேன். ஆமாம், நான்தான் ஓடினேன்.



"வேலம்மா எங்கயும் ஓடிப்போகல! இங்கதான் செத்தா! நான்தான் அவள ஓட விடல!" என்று கத்தினேன்.

இரைச்சல் நின்றது. சுந்தரம்மா அழவில்லை. வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"எங்ககிட்ட சொல்லி என்னா? கையெழுத்துப் போட்ட எடத்துல வந்து சொல்லுங்க."

பன்னிரண்டு பேரும் என்னை ஆபிசுக்கு இழுத்துப் போனார்கள். நான் சொன்னதைக் கிளாக்கர் எழுதி மேசையில் வைத்தார். துரை படித்துவிட்டுச் சிரித்தார்.

"அன்னைக்கு ஒன்னு சொன்ன, இன்னைக்கு ஒன்னு சொல்ற. கண்ணால பாத்த சாட்சி யாரு?"



தாளின் அடியில் ஒரு கறை கிளம்பியது.

எல்லோரும் பார்க்கப் பார்க்க அது கறுத்தது, ரேகையாயிற்று. கொழுந்துக் கறை ஏறிய பெருவிரல். நடுவே கத்தி வெட்டிய பழைய தழும்பு.

"எங்கம்மா வெரலு," என்றாள் சுந்தரம்மா.

துரை தாளைக் கிழித்து எறிந்தார். கிளாக்கர் வேறு தாள் வைத்தார்.

அதிலும் விழுந்தது.

அதற்குப் பிறகு மூன்று துரைமார் மாறிவிட்டார்கள். அந்த மேசையில் வெற்றுத் தாளை விட்டுவிட்டுப் போக இன்றுவரை ஒருவருக்கும் துணிவில்லை. அடிவாரத்துக் கல்லில் வேலம்மா பெயரை இன்னும் வெட்டவில்லை. வெட்டும்வரை அவள் விரலை வைக்கட்டும். நன்றாக அழுத்தி வைக்கட்டும்.