காப்பாளர் எவருமில்லை

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அறவாழியின் வீட்டில் யாரும் பேசுவதில்லை. திருச்சியின் பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். அது களையெடுப்பு நேரம். தன் பக்கக்குறிகளில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஒவ்வொருவரும் தனியாக முடிவு செய்ய வேண்டும். அடுத்தவர் வாய் திறந்து அதைக் குலைப்பது நாகரிகமில்லை.

இணையத்தைத் தாங்கும் சர்வர்களுக்குக் கொடுக்க மின்சாரம் போதாமல் போனபின் வந்த ஏற்பாடு அது. ஒருவருக்கு முந்நூறு குறிகள். ஒரே ஒருவர் குறித்து வைத்திருந்தாலும் போதும், பக்கம் இணையத்தில் இருக்கும். ஆய்வுக் கட்டுரையென்றால் யாரும் இலவசமாகப் படிக்கலாம். கடைசிக் குறியும் நீங்கினால் அந்தப் பக்கம் அன்று நண்பகலில் அழிந்துவிடும். மருத்துவர்களும் தங்கள் பங்கில் அன்றாட நோய்களைப் பற்றிய பக்கங்களையே வைத்துக்கொண்டார்கள்.

குறிகளை வைக்க அறவாழி பயன்படுத்திய கருவி ‘முடிச்சு’. அவர் மனைவி பொன்னரசியினுடையது ‘ஊருணி’. எது மேல் என்ற சண்டை கல்யாணம் ஆன நாளிலிருந்து நடந்தது.

“உங்க முடிச்சு பேங்க் லாக்கர் மாதிரிங்க. உள்ள என்ன இருக்குன்னு பக்கத்துல படுக்கிற எனக்கே தெரியாது.”

“உன் ஊருணியில ஊரே வந்து எட்டிப் பாக்குது. யாரோ எதையோ வைக்கச் சொல்லிக் கெஞ்சினா உடனே இடம் கொடுத்துடுற.”

“கொடுத்தா என்ன? நீங்க சேக்குறதை நீங்களே படிக்கிறதில்ல.”

அது உண்மை. ஆனால் ஒரு கட்டுரையை இருவருமே பலமுறை படித்திருந்தார்கள். மகள் நறுமுகைக்குப் பிறவியிலேயே ஓர் அரிய இரத்த நோய். எந்த மருந்துகள் அவளுக்கு ஆகாது என்று விவரமாகச் சொன்ன ஒரே கட்டுரை அது. எழுதியவர் இறந்துவிட்டார். இரு கருவிகளிலும் அது இருந்தது; வேறெங்கும் இல்லை.

ஒரு ஞாயிறன்று அறவாழி ஆழ்கடல் ஒலிகளைப் பற்றிய ஒரு கட்டுரைக்கு இடம் தேடினார். ஊருணியைத் திறந்து பார்த்தார். மகளின் கட்டுரைக்கு நேரே பொன்னரசியின் பெயர் இருந்தது. அவள் விடமாட்டாள் என்று தன் குறியை நீக்கினார். மேசையின் மறுபுறம் பொன்னரசி, கரூரிலிருந்து ஒரு பெண் கேட்ட கட்டுரைக்கு இடம் தேடினாள். கணவனின் லாக்கரில்தான் ஒன்று இருக்கிறதே என்று அவளும் நீக்கினாள். இருவருக்கும் நடுவில் காபி ஆறிக்கொண்டிருந்தது. நண்பகல் கடந்தது.

புதன்கிழமை நறுமுகையின் கன்னம் வீங்கியது. கடைவாய்ப் பல்லில் சீழ்.

“இன்னிக்கே எடுத்தாகணும்” என்றார் பல் மருத்துவர் ஷகீலா. “மரத்துப்போக ரெண்டு ஊசிதான் என்கிட்ட இருக்கு. நீலக் குப்பி, வெள்ளைக் குப்பி. மருந்துப் பேரு மேல இருக்கு, பாருங்க. எது இவங்களுக்கு ஆகாது?”

“கட்டுரையை எடுத்துக் காட்டுங்க” என்றாள் பொன்னரசி, கணவனிடம்.

“உன்கிட்டதானே இருக்கு.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இலவசக் கட்டுரைகளைக் கண்டுபிடிக்கும் ‘துழாவி’யில் ஷகீலா தேடினார். திரையில் ஒரே வரி: காப்பாளர் எவருமில்லை.

“நீலந்தான் ஆகாது” என்றாள் பொன்னரசி. “நல்லா ஞாபகமிருக்கு.”

“இல்ல அரசி. வெள்ளை. மூணாவது பக்கத்துல இருந்தது.”

“மகமேல சத்தியம் பண்ணுவீங்களா?”

வெள்ளைக் குப்பியை நோக்கி நீட்டிய விரலை அறவாழி மடக்கிக்கொண்டார்.

“தப்பான ஊசின்னா மூச்சு நிக்கலாம்” என்றார் ஷகீலா. “காத்திருந்தா சீழ் ரத்தத்துல கலந்துடும்.”

நறுமுகை நாற்காலியில் சாய்ந்தபடி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பத்தொன்பது வயது. வீங்கிய கன்னத்தோடு சிரிக்க முயன்றாள்.

“இருபது வருஷமா ஒருத்தர் கருவியை ஒருத்தர் திட்டினீங்க. இந்த ஒரு விஷயத்துல மட்டும் ஏன் நம்பித் தொலைச்சீங்க?”

அவள் ஷகீலாவின் பக்கம் திரும்பினாள்.

“ஊசியே வேணாம் டாக்டர். அப்படியே பிடுங்குங்க.”

“ரொம்ப வலிக்கும்மா.”

“தெரியும். அப்பா, இந்தப் பக்கம் வாங்க. அம்மா, நீ அந்தக் கை.”

ஷகீலா கையுறையை மாட்டிக்கொண்டார். இடுக்கி உள்ளே போனபோது நறுமுகையின் நகங்கள் அறவாழியின் உள்ளங்கையில் இறங்கின. நாற்காலிக்கு அந்தப் பக்கம் பொன்னரசியின் முகமும் அதே நொடியில் சுருங்கியது. தட்டில் இரண்டு குப்பிகளும் மூடி திறக்காமல் இருந்தன. அவற்றில் ஒன்று நறுமுகைக்கு ஆகும். எது என்று இனி உலகில் யாருக்கும் தெரியாது.