ஏழு மாதுளை முத்துகள்

"நேத்து சுட்டு வச்ச பார்லி ரொட்டியில ரெண்டைக் காணோமே... எங்கடி போச்சு?"

மாமியார் திமாரேத்தி கேட்டதும் ஆர்க்கிப்பி அடுப்புச் சாம்பலைக் கிளறுவதுபோல் குனிந்துகொண்டாள்.

அன்று பயிர் காக்கும் தெய்வமான தெமெத்தர் தாயாருக்குப் பெண்கள் எடுக்கும் விழா. ஊரில் கல்யாணமான பெண்கள் அத்தனை பேரும் குன்றேறி, கோயிலில் மூன்று நாள் தங்க வேண்டும். நடுநாள் வெறுந்தரையில் உட்கார்ந்து முழுப் பட்டினி. இந்த ஆண்டு அவர்களுக்குத் தலைவி திமாரேத்தி. இதுவரை யாரிடமும் ஒரு பழிச்சொல் கேட்டிராத வீடு அது.

"தானிய அறைச் சாவியைக் கொடு."

"அத்தை... விழா முடியட்டும். மூணு நாள் பொறுங்க."

"மூணு நாளா! எம்மவன் கப்பல்ல உப்புத் தண்ணியில கெடக்கான். இங்க கதவிடுக்குல ஆம்பளைப் போர்வை தெரியுது. எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு நெனச்சியா?"

ஆர்க்கிப்பியின் உடம்பு கூசியது. பதினோரு வருடம் இந்த வீட்டுக்காகத் தறியில் உட்கார்ந்து முதுகு வளைந்தவள் அவள். ஒரே வார்த்தையில் தப்பித்துவிடலாம். ஆனால் கொடுத்த வாக்கு தடுத்தது.

"பேச மாட்டியா? உங்க அண்ணனுக்கு ஆள் அனுப்பறேன், வந்து கூட்டிட்டுப் போகட்டும். நடத்தை கெட்டவ கால் பட்டா கோயிலுக்கே தீட்டு!"

"போறேன் அத்தை... சாவியை மட்டும் கேக்காதீங்க."

திமாரேத்தி பாய்ந்து மருமகளின் இடுப்பிலிருந்த சாவியைப் பிடுங்கினாள். அதற்குள் அறைக்குள்ளிருந்து அழுகுரல் கேட்டது.

"அண்ணியை விடும்மா!"

கதவு திறந்தது. நான்கு மாதம் முன்பு கட்டிக்கொடுத்த மகள் நிக்காரேத்தி, புருஷனின் போர்வையைச் சுற்றியபடி நின்றாள். ஒரு கண் வீங்கிக் கறுத்திருந்தது.

"நீயா!... என்கிட்ட ஏன்டி வரல?"

"எப்படிம்மா வருவேன்? கல்யாணத்தன்னைக்கு அவங்க வாசல்ல ஏழு மாதுளை முத்து தின்னேனே! பாதாள ராஜா தூக்கிட்டுப் போன தெமெத்தர் மகளாலேயே, அவன் வீட்டுல மாதுளை தின்னதால, முழுசாத் திரும்பி வர முடியல; வருஷாவருஷம் கொஞ்ச மாசம் அங்க போயாகணும். தின்னவ அந்த வீட்டுக்குத்தான், திரும்பிப் பாக்காதேன்னு நீதானே சொல்லி அனுப்பின... நான் வந்து நின்னா உன் தலைவி பதவி போயிடும்னுதான், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அண்ணி கால்ல விழுந்தேன்."

திமாரேத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தத் தாய் மகளைத் தேடி ஊர் ஊரா அலைஞ்சா... உலகத்துப் பயிரையே காய விட்டா. நான் திரும்பி வராதேன்னு சொல்லி அனுப்பிட்டு, அவ பேரைச் சொல்லிப் பட்டினி கெடக்கப் போறேனாம்!"

பிறகு மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். "பாவி... அவ்வளவு பேசினேனே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வாக்கு கொடுத்துட்டேன் அத்தை."

கிழவி எழுந்தாள். சாவியை ஆர்க்கிப்பியின் இடுப்பில் தானே முடிந்தாள். இரண்டு பெண்களையும் சேர்த்து அணைத்தபோது மூவரின் கண்ணீரும் ஒன்றாகக் கலந்தது.

வாசலில் பெண்கள் திரளும் சத்தம் கேட்டது. நிக்காரேத்தி போர்வையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டாள்.

"எடுத்துடு அதை," என்றாள் திமாரேத்தி. "உன் மாமியாரும் குன்றுக்கு வருவா. நல்லாப் பாக்கட்டும். ஆர்க்கிப்பி, நீ என் பக்கத்துல நட!"