உப்பு மிதிபடும் சத்தம்

ஆதிகேசவன் ஹேமலதாவின் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தியபோது மணி ஒன்றரை. சித்திரை வெயிலில் பாலாறு வெறும் மணலாகக் காய்ந்து கிடந்தது. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர், மைக், ஸ்பீக்கர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் அவர். இதே கோளாறுக்காக இந்த வீட்டுக்கு வருவது இது மூன்றாவது முறை.

அது முதலில் வீடாகக் கட்டப்பட்டதல்ல. தோல் பதனிடும் டேனரி ஒன்று மூடிப்போய், மிஞ்சிய ஆபீஸ் கட்டடம். அதை வாங்கிய பக்கத்து வீட்டு அப்துல் ஹமீத் பாய், வெள்ளையடித்து, குளியலறை கட்டி, ஹேமலதா குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார். டேனரி நின்று இருபது வருஷம் ஆகியும், வெயில் ஏறினால் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை சுவரிலிருந்து கசியும். ஆம்பூர்க்காரர்களுக்கு அது ஒரு வாடையாகவே தெரியாது.

ஹேமலதா பள்ளிப் பாடங்களைப் படித்துப் பதிவு செய்து, சென்னையில் ஒரு கம்பெனிக்கு அனுப்புகிறவள். பார்வையில்லாத பிள்ளைகள் கேட்டுப் படிப்பதற்கான பாடங்கள். பின்பக்கத்தில் பழைய தோல் குடோனாக இருந்த அறையை அவளுக்கு ரெக்கார்டிங் ரூமாக மாற்றிக் கொடுத்தது ஆதிகேசவன்தான். இருந்த ஒரே ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார். நான்கு சுவரிலும் கூரையிலும் கனமான ஸ்பாஞ்சு ஒட்டினார். தரையில் தடித்த விரிப்பு போட்டார். இரும்புக் கதவை மட்டும் மாற்றவில்லை. உள்பக்கம் ஸ்பாஞ்சு அடித்து, விளிம்பெல்லாம் ரப்பர் வைத்தார். வெளியே லாரி போனாலும் உள்ளே கேட்காது, உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது என்று சொல்லிப் பெருமைப்பட்டவரும் அவரே.

"அண்ணா, இன்னிக்கும் திருப்பி அனுப்பிட்டாங்க" என்றாள் ஹேமலதா, அவர் செருப்பைக் கழற்றுவதற்குள். "நடுநடுவுல கரகரன்னு சத்தம் வருதாம். நாளைக்குக் காலையில கிளீனா வரலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். பாதிப் புஸ்தகம் முடிச்சிட்டேண்ணா."

"பேஜார் ஆவாதம்மா. இன்னிக்கு அது இன்னான்னு பாக்காம நான் போகப்போறதில்ல."

மைக் கேபிளை மாற்றினார். கரகரப்பு இருந்தது. மைக்கையே மாற்றினார். அப்போதும் இருந்தது. மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் சின்னப் பெட்டியை வேறு போர்ட்டில் சொருகினார். லேப்டாப் திணறினாலும் இப்படி வரும் என்று செட்டிங்கில் பஃபரைக் கூட்டினார். ஒன்றும் குறையவில்லை. மிச்சம் இருந்தது கரண்ட். எர்த் சரியில்லாத பழைய கட்டடம், அதுதான் மைக்கில் இழுக்கிறது என்று முடிவு செய்தார்.

"மெயினை ஆஃப் பண்ணிடும்மா. ஏசி, ஃபேன், வைஃபை எதுவும் வேணாம். லேப்டாப் பேட்டரில ஓடட்டும். இந்தா என் போனு, வெளிய வெச்சுடு. போன் பக்கத்துல இருந்தாலும் சத்தம் வரும்."

"பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து கூட்டினு வரணும்ணா. அரை மணி நேரத்துல வந்துடுறேன்."

"போய்ட்டு வா. நான் கதவைச் சாத்திக்கிறேன்."

மெயின் அணைந்தது. அறையில் லேப்டாப் திரையின் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. வெளியே அவள் ஸ்கூட்டி கிளம்புவது கேட்டது. ஆதிகேசவன் கதவை இழுத்துச் சாத்தினார். ரப்பர் பொருந்தியதும் உலகம் அறுந்துபோனதுபோல் நிசப்தம் வந்தது.

ஹெட்போனை மாட்டி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினார்.

ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. தன் மூச்சு மட்டும் கேட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது. கரண்டுதான் என்று நினைத்தார்.

கரக்.

திரையில் பச்சைக்கோடு ஒருமுறை துள்ளி அடங்கியது.

கரக். கரக்.

மின்சாரக் கோளாறு ஒரே சீராக இரையும். இது அப்படி இல்லை. ஒரு சத்தம், சின்ன இடைவெளி, இன்னொரு சத்தம். தூரத்திலிருந்து மெல்லப் பெரிதாகி, மைக்கைக் கடந்து, மறுபடி தூரம் போனது. அறையைச் சுற்றி வந்தது.

கல்லுப்பைத் தரையில் கொட்டி, அதன்மேல் வெறுங்காலோடு நடந்தால் இப்படித்தான் கேட்கும்.

ஹெட்போனைக் கழற்றினார். சத்தமே இல்லை. திரை வெளிச்சத்தில் தரையைப் பார்த்தார். அவர் போட்ட விரிப்புதான் கிடந்தது. மறுபடி மாட்டினார்.

நடை அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தது.

எழுந்து போய்க் கதவைத் தள்ளினார். நகரவில்லை. தோளைக் கொடுத்து முட்டினார். வெளியே தாழ்ப்பாள் இரும்பில் மோதும் அதிர்வு கைக்குத் தெரிந்தது. அந்தத் தாழ்ப்பாள் துருப்பிடித்தது, இரண்டு கையால் இழுத்தால்தான் நகரும். யார் போட்டது?

"ஹேமா! யம்மா ஹேமா! யாராவது இருக்கீங்களா?"

குரல் அவர் வாயைத் தாண்டியதும் ஸ்பாஞ்சு அதைக் குடித்துவிட்டது. தன் குரல் தன் காதிலேயே பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கேட்டது. தானே ஒட்டிய ஸ்பாஞ்சு, தானே அடைத்த ஜன்னல். போன் வெளியே. வைஃபை இல்லை. அதையும் அவரேதான் சொல்லி அணைக்க வைத்தார்.

அரை மணி நேரம் போனது. ஹேமலதா வரவில்லை. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. ரப்பர் வைத்த அறையில் காற்று எத்தனை நேரம் வரும் என்று கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் பயந்து நிறுத்தினார். நாக்கு தடித்தது. உதட்டை நக்கினால் கரித்தது. வியர்வைதான் என்று சொல்லிக்கொண்டார்.

ஹெட்போனை மாட்டக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் அது எங்கே நிற்கிறது என்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருப்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

மாட்டினார்.

வறண்ட வாயில் நாக்கை மேலண்ணத்திலிருந்து பிரிக்கும் சத்தம். மைக்குக்கு மிகப் பக்கத்தில்.

"தொறங்கய்யா..."

பெண் குரல். கெஞ்சிக் கெஞ்சித் தேய்ந்துபோன குரல்.

ஓட இடமில்லை. ஆதிகேசவன் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"நான் பூட்டலம்மா. நானும்தான் மாட்டிக்கினேன்."

நடை நின்றது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

பிறகு உப்பு வேகமாக மிதிபட்டது, கதவை நோக்கி.

அவரும் கதவுக்கு ஓடினார். ஹெட்போன் கழன்று விழுந்தது. இரண்டு கையாலும் குத்தினார், தொண்டை கிழியக் கத்தினார். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் கதவு அவர் குத்தியதைவிட அதிகமாக அதிர்ந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. வெளிச்சம் கண்ணில் அடித்தது. வாசலில் ஹமீத் பாய், கையில் கடப்பாரையோடு நின்றார். ஆதிகேசவன் அவரைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, குழாயடியில் விழுந்து தண்ணீர் குடித்தார்.

"நீயா உள்ள?" என்றார் பாய். முகம் வெளிறியிருந்தது. "உள்ள இருந்துகினு வெளிய எப்பிடிய்யா தாழ்ப்பாள் போட்ட?"

"நான் போடல பாய். நல்லவேளை, நான் கத்துனது உங்களுக்குக் கேட்டுச்சே."

"உன் குரல் கேக்கல கேசவா. ஒரு பொம்பள கத்துனா. ஹேமலதாதான் மாட்டிக்கிச்சோன்னு ஓடியாந்தேன்."

ஹேமலதா அப்போதுதான் மகளோடு வந்தாள். வழியில் ஸ்கூட்டி பஞ்சர் ஆகியிருந்தது. மூன்று பேரும் முற்றத்திலேயே நின்றார்கள். பாய் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"வேற ஒருத்தர் டேனரி நடத்துன காலம். அந்த குடோன்ல பச்சத் தோலுக்கு உப்பு போட்டு அடுக்குவாங்க. தரையெல்லாம் கணுக்கால் அளவு உப்பு. சவுரியம்மாள்னு ஒரு அம்மா உப்பு கூட்டுற வேலை. பொங்கலுக்கு நாலு நாள் லீவு வுட்டாங்க. வாட்ச்மேன் உள்ள பாக்காம தாழ்ப்பாள் போட்டுட்டுப் போய்ட்டான். அந்தம்மா திமிரி ஊர்ல இருக்குற அக்கா வூட்டுக்குப் போயிருக்குன்னு வூட்ல நெனச்சுட்டாங்க. நாலு நாள் கழிச்சுத் தொறந்தாங்க. சுத்தி உப்பு, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல." கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். "என்கிட்ட சொல்லித்தான் வித்தாங்க. நான்தான் உங்க யார்கிட்டயும் சொல்லல."

ஹேமலதா அன்றே மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிகொண்டாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். ஆதிகேசவன் கொடுத்த வேறொரு லேப்டாப்போடு, துணி பீரோவுக்குள் மைக்கை வைத்து, விடிய விடியப் படித்து அனுப்பினாள். கம்பெனி ஏற்றுக்கொண்டது. ஒரு கரகரப்பும் இல்லை.

அந்த அறையில் இருந்த லேப்டாப்பை ஆதிகேசவன் கடைக்கு எடுத்து வந்திருந்தார். பேட்டரி தீரும்வரை அது பதிவு செய்திருந்தது. அழித்துவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தார். மூன்றாம் நாள் பகலில், கடை ஷட்டரை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

அவர் கத்துவது இருந்தது. அவர் கத்தக் கத்த, அரை நொடி பின்னால், அதே சொற்களை இன்னொரு குரலும் கத்தியது. "யாராவது இருக்கீங்களா?" என்று அவர். "இருக்கீங்களா?" என்று அவள். பிறகு தாழ்ப்பாள் திறந்தது. பாயின் குரல் கேட்டது. அவருடைய கால்கள் வெளியே ஓடின.

அதற்குப் பிறகு, மைக்குக்கு நேராக, ஒரு கரகரப்பும் இல்லாத தெளிவான குரல்:

"தம்பி... நானு?"

ஆதிகேசவன் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் காலை பாயையும் ஒரு வெல்டரையும் கூட்டிக்கொண்டு போனார். கீலை அறுத்து இரும்புக் கதவைக் கழற்றி, பழைய இரும்புக் கடை வண்டியில் ஏற்றினார்கள். ஜன்னல் செங்கல்லை இடித்தார்கள். ஸ்பாஞ்சு முழுவதையும் பிய்த்துப் போட்டார்கள். மறுபடியும் அந்த அறைக்குள் வெயில் நேராக விழுந்தது.

வண்டி போனதும் ஆதிகேசவன் அறை நடுவில் மைக்கை வைத்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசல்படிக்கு வெளியே நின்றார்.

"யக்கா, கதவு இல்ல. வாங்க."

மூலையில் உப்பு மிதிபட்டது. ஒவ்வொரு அடியாக அவரை நோக்கி வந்தது. அவர் ஒதுங்கி வழி விட்டார். நடை வாசல்படியில் நின்றது. அவருக்கும் அதற்கும் நடுவில் வெறும் வெயில்தான் இருந்தது.

ஹெட்போனில், இரண்டு கைகள் இரும்புக் கதவைக் குத்தத் தொடங்கின.