எந்தக் காகிதம் முதலில் நனையும்?

வாண்டு கையில் டம்ளரோடு தண்ணீருக்கு நடுவில் நின்றிருந்தான். அவன் செய்த தப்பு அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் பள்ளி வேன் அவனை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. ஒரே தாகம். ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மீன் பார்க்க வந்தான். கால் சில்லென்றது. குனிந்து பார்த்தால் மீன் தொட்டிக்குக் கீழே தரை முழுக்கத் தண்ணீர்!

அந்த நேரம் பார்த்து அம்மா தூங்கி எழுந்து வந்தார்.

"டேய், என்னடா இது குளம்?"

"நான் ஊத்தல!"

"அப்ப கையில என்ன?"

வாண்டு டம்ளரைப் பார்த்தான். அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அப்போதுதான் அதில் மிச்சமிருந்த தண்ணீரும் கீழே கொட்டியது.

சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்த அக்காவிடமும் அதையே சொன்னான். "நான் ஊத்தல அக்கா." அவளும் நம்பவில்லை.

அவளுக்குப் பத்து வயது. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அவள் பெயரே துருவி. ஆனால் அது வீட்டுக்குள் மட்டும்தான். வெளி ஆட்கள் முன்னால் வாயைத் திறக்கவே மாட்டாள். மீன் தொட்டி அவளுடையது. இரண்டு வருடம் கெஞ்சி வாங்கியது. அதில் இரண்டு ஆரஞ்சு மீன்கள். மூன்றாவது கறுப்பு. அதற்குக் கண் இரண்டும் வெளியே பிதுங்கி இருக்கும். அதனால் அதன் பெயர் முட்டைக்கண்ணன்.

அந்த வாரம் துருவி யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்திருந்தாள்.

அம்மா மருத்துவமனையில் நர்ஸ். ராத்திரி முழுக்க வேலை. காலை எட்டு மணிக்கு வந்து, மத்தியானம் வரை தூங்குவார். அவர் தலை வைத்துப் படுக்கும் சுவருக்கு இந்தப் பக்கம்தான் மீன் தொட்டி. தொட்டிக்கு மேலே ஒரு பலகை. அதில் ஒரு சின்னக் காற்று மோட்டார். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று தொட்டியின் அடி வரை இறங்கி, தண்ணீருக்குள் குமிழி விடும். மோட்டார் எந்நேரமும் 'ர்ர்ர்' என்று முனகிக்கொண்டே இருக்கும்.

'பாவம் அம்மா, இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குவார்?' என்று துருவிக்குத் தோன்றியது. புதன்கிழமை மோட்டாரைப் பலகையிலிருந்து எடுத்து, தொட்டிக்குப் பின்னால் தரையில் ஒரு பழைய துண்டின் மேல் வைத்தாள். மறுநாளிலிருந்து பள்ளிக்குப் போகும்போது அதை அணைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் வந்து மறுபடி போட்டாள். நல்ல காரியம் செய்துவிட்டு அதைச் சொல்லிக்கொண்டு திரிய அவளுக்கு வெட்கம்.

வெள்ளிக்கிழமையும் தண்ணீர் வந்தது. இந்தத் தடவை அது தரையோடு நிற்கவில்லை. சுவரோரம் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய் இறங்கும் ஓட்டை வழியாகக் கீழ்த்தளத்துக்கும் போய்விட்டது. கீழே புத்தகங்களைத் தைத்து அட்டை போடும் பைண்டிங் கடை.

துருவி பள்ளியிலிருந்து வந்தபோது கடைக்கார மாமா வாசலில் நின்றிருந்தார். கைக்குழந்தையைப் போல ஒரு தடிப் புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வெளிய வெயில் கொளுத்துது. என் கடைக்குள்ள மட்டும் மழைம்மா!"

"ஐயோ, அண்ணே!" என்று அம்மா பதறினார்.

"நூலகத்துப் புத்தகம். என் தாத்தாவ விட மூத்தது. பூச்சிக்குத் தப்பிச்சுது, எலிக்குத் தப்பிச்சுது. உங்க வீட்டு மீனுக்குத் தப்பிக்கல!"

துருவி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"நான் ஊத்தல" என்றான் வாண்டு. யாரும் அவனைக் கேட்கவே இல்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். எது கெட்டாலும் டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவருமாக உட்கார்ந்துவிடுவார். தொட்டியின் நான்கு பக்கமும் தடவிப் பார்த்தார். கண்ணாடி காய்ந்துதான் இருந்தது. ஆனால் தொட்டியில் நான்கு விரல் அளவுக்குத் தண்ணீர் குறைந்திருந்தது.

"எங்கயும் கசியலையே" என்றார் அப்பா. "தெரிஞ்ச ஓட்டைன்னா அடைச்சிடலாம். தெரியாத ஓட்டைய என்ன பண்றது? ஒருநாள் மொத்தமா உடைஞ்சா கீழ அவரோட கடையே போயிடும். ஞாயித்துக்கிழமை காலையில தொட்டியக் கடையிலயே திருப்பிக் குடுத்துடலாம்."

"அப்பா! அப்ப மீனு?"

"மீனும்தாம்மா. தொட்டி இல்லாம மீன உன் பள்ளிக்கூடப் பையிலயா வைப்ப?"

துருவி தொட்டிப் பக்கம் திரும்பினாள். முட்டைக்கண்ணன் கண்ணாடியில் மூக்கை வைத்து அவளையே பார்த்தது.

இடையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

அவள் மெல்லப் படியிறங்கிக் கீழே போனாள். பைண்டிங் கடை வாசலில் நின்றாள். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

"யாரு, மீன்காரம்மாவா?" என்றார் மாமா, நிமிராமலே.

"சாரி மாமா... நான் ஏதாவது செய்யட்டுமா?"

மாமா அவளை ஒரு பார்வை பார்த்தார். "உக்காரு. ஒவ்வொரு பக்கத்துக்கு நடுவுலயும் ஒரு காகிதத் துண்டு வை. கிழிச்சிடாத."

மேசைக்கு அடியில் வெட்டி எறிந்த காகிதத் துண்டுகள் குவிந்து கிடந்தன. நீளமான, வெள்ளையான துண்டுகள். துருவி ஒவ்வொன்றாக எடுத்து ஈரப் பக்கங்களுக்கு நடுவில் வைத்தாள். ஈரம் பட்ட இடம் உடனே சாம்பல் நிறமாக மாறியது. மேல் மூலையில் ஈரம் இருந்தால் காகிதத்தின் மேல் மூலை மாறியது. ஓரத்தில் இருந்தால் ஓரம் மாறியது. ஈரம் எங்கே இருக்கிறது என்று காகிதமே கைகாட்டியது.

துருவியின் கை அப்படியே நின்றது.

"மாமா, இந்தத் துண்டுல கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?"

"எதுக்கு? மீனுக்குச் சட்டை தைக்கவா?"

முதல் தடவையாகத் துருவிக்குச் சிரிப்பு வந்தது.

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. அப்பா வேலைக்குப் போய்விட்டார். அம்மா வந்து படுத்ததும் துருவி வழக்கம்போல மோட்டாரை அணைத்தாள். பிளக்கையும் பிடுங்கினாள். தரையை நன்றாகத் துடைத்து, பழைய துண்டை எடுத்துவிட்டு, தொட்டியைச் சுற்றியும் அந்தத் துணி இருந்த இடத்திலும் காகிதத் துண்டுகளைப் பரப்பினாள்.

"நீ முன்பக்கம் பாரு. நான் பின்பக்கம். எது முதல்ல நனையுதோ, அங்கதான் ஓட்டை" என்றாள்.

"நான் ஊத்த..."

"தெரியும், தெரியும். சத்தம் போடாத. அம்மா தூங்கறாங்க."

பத்து நிமிடம் ஆனது.

"அக்கா! நனைஞ்சிடுச்சு!"

துருவி ஓடி வந்து பார்த்தாள். "டேய், அது உன் மூக்குலேர்ந்து ஒழுகினது."

வாண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

மறுபடி காத்திருந்தார்கள். திடீரென்று பின்பக்கத்துக் காகிதம் ஒன்றில் சாம்பல் நிறப் புள்ளி ஒன்று தெரிந்தது. அது மெதுவாக வளர்ந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த துண்டுகள் எல்லாம் வெள்ளையாகவே இருந்தன. நனைந்தது மோட்டாருக்கு அடியில் இருந்த துண்டு!

துருவி தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தாள். மோட்டாரிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. மெல்லிய குழாயைப் பார்த்தாள். காற்று மட்டும் போக வேண்டிய குழாய்க்குள் தண்ணீர் நிறைந்திருந்தது! மோட்டார் ஊதுவதை நிறுத்தியதும், தொட்டித் தண்ணீர் குழாய்க்குள் ஏறி, விளிம்பைத் தாண்டி, பள்ளத்தில் இருந்த மோட்டாரைத் தேடி இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் மோட்டாரைத் தூக்கித் தொட்டியை விட உயரமாகப் பிடித்தாள். குழாய்த் தண்ணீர் தயங்கி நின்று, வந்த வழியே தொட்டிக்குள் திரும்பியது. அதன் பிறகு கீழே ஒரு சொட்டுகூட விழவில்லை.

"கண்டுபிடிச்சாச்சு!" என்று கிசுகிசுத்தாள்.

"அப்ப நான் ஊத்தலதானே?"

"நீ ஊத்தலடா."

"அப்ப யாரு ஊத்தினா?"

துருவி கையிலிருந்த மோட்டாரைப் பார்த்தாள். மோட்டாரைக் கீழே வைத்தது யார்? அணைத்தது யார்?

மோட்டார் தானாகக் கீழே விழுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் வாண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாளாக அவன் சொன்னதை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

"நான்தான்டா" என்றாள். "உன்னத் திட்டு வாங்க வச்சிட்டேன். சாரிடா."

வாண்டு யோசித்தான். "அப்ப இன்னைக்கு ஜன்னல் சீட்டு எனக்கு" என்றான். அவர்கள் எங்கும் போகப் போவதில்லை. இருந்தாலும் துருவி சரி என்றாள்.

அம்மா எழுந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏன்டி அணைச்ச?"

"நீ நல்லாத் தூங்கணும்னுதாம்மா."

அம்மா சிரித்துவிட்டார்.

"அதான் மூணு நாளா புரண்டு புரண்டு படுத்தேனா! வார்டுல மிஷின் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். நின்னுபோச்சுன்னா ஓடணும். இங்க மோட்டார் நின்னதும் என் காலு தானா எழுந்திருச்சு ஓடப் பாக்குது!"

"அப்ப சத்தம் உனக்குத் தொந்தரவு இல்லையா?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? ஊரையே துருவித் துருவிக் கேப்ப!"

சாயங்காலம் அப்பா வந்து மோட்டாரைத் தூக்கியும் இறக்கியும் ஐந்து தடவை சோதித்தார். அதைப் பிரித்துக் காயவைத்தார். "லிஃப்ட்ல இப்படி ஒண்ணு நான் பாத்ததே இல்ல" என்று பெருமையாகச் சொன்னார். பிறகு தலையைச் சொறிந்தார். "ஆனா நனைஞ்சது கீழ்க் கடைக்காரர்கிட்ட இருந்த புத்தகம். அவர் சரின்னு சொன்னாத்தான் தொட்டி இங்க இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலை. மீன்களை எடுத்துப் போக ஒரு வாளி தயாராக இருந்தது. பைண்டிங் மாமா மேலே வந்தார்.

துருவி இந்தத் தடவை கதவுக்குப் பின்னால் போகவில்லை. மோட்டாரை இறக்கிக் காட்டினாள். ஏற்றிக் காட்டினாள். "என் தப்புதான் மாமா. இனிமே மேலதான் இருக்கும். அணைக்கவும் மாட்டேன்" என்றாள்.

"இன்னொரு தடவ காட்டு" என்றார் மாமா.

காட்டினாள். மாமா குனிந்து தொட்டியைப் பார்த்தார்.

"இந்தக் கறுப்பன் ஏன் என்னையே மொறைக்கிறான்?"

"அவன் கண்ணே அப்படித்தான் மாமா."

"புத்தகம் காஞ்சிடுச்சுன்னு அவன்கிட்ட சொல்லு. ஓரம் மட்டும் கொஞ்சம் சுருங்கிப்போச்சு. வயசானா யாருக்குத்தான் சுருங்காது?"

அப்பா மெல்லக் கேட்டார். "அப்ப சொல்லுங்கண்ணே, தொட்டிய எடுத்துடட்டுமா?"

"நான் தண்ணிய நிறுத்துன்னு சொன்னேன். மீன எடுன்னு எப்பய்யா சொன்னேன்?"

மாமா அந்த வாளியை இழுத்துக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். முட்டைக்கண்ணன் வாயைத் திறந்தது. மாமாவும் வாயைத் திறந்தார்.

கீழே யாரோ, "கடையில ஆள் இல்லையா?" என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவைதான் அது அவர் காதில் விழுந்தது.