கேமரா இல்லாத லேப்டாப்

ஆயுத பூஜையன்று ஆரத்தித் தண்ணீரைக் கொட்டியது வேறு யாருமில்லை, எத்திராஜேதான். ஸ்குரூ டிரைவர், ஸ்கூட்டர் சாவி, மிக்ஸி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்துவிட்டு, கடைசியாகத் தன் செல்லப் பிள்ளையான பழைய கறுப்பு லேப்டாப்பின் முன்னால் வந்து நின்றார். சும்மா சுற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஒரு கையில் மணி, ஒரு கையில் தட்டு, போதாததற்கு ஒரு காலைத் தூக்கி ஆடியும் காட்டினார். தட்டு சரிந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர் கீபோர்டுக்குள் இறங்கியது.

"போச்சா?" என்றாள் மனைவி சந்திரம்மா.

"போவல. அபிஷேகம் ஆச்சு."

அதற்குச் சற்று முன்னால் இன்னொன்றும் நடந்திருந்தது. அர்ச்சனை யார் பேருக்கு என்று சந்திரம்மா கேட்டபோது, லேப்டாப்பின் மூடியில் ஒட்டியிருந்த பழைய ஆபீஸ் ஸ்டிக்கரை எத்திராஜ் சத்தமாகப் படித்தார். "ராஜேஷ்குமார். இவரு பேருக்கே பண்ணிடு. நம்ம பேரைக் கேட்டுக் கேட்டு சாமிக்கே சலிச்சிருக்கும்."

"யாரு எவருன்னு தெரியாத ஆளைப் பேரு சொல்லி வீட்டுக்குள்ள கூப்பிடுவாங்களா?" என்று முறைத்தாள். கற்பூரம் அணையப் பார்த்தது. வேறு வழியில்லாமல் அந்தப் பேரையே சொல்லித் தீபம் காட்டிவிட்டாள்.

பழைய சாமான் கடையில் மூலையில் கிடந்த மிஷின் அது. பேட்டரி மாற்றி, மெமரி கூட்டி, புது டிஸ்க் போட்டு, பொருந்துகிற வைஃபை கார்டைத் தேடிப் பிடித்து, மழைக்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டியிருந்தார் எத்திராஜ். எல்லாம் இன்றைய சாயங்காலத்துக்காக. கனடாவில் இருக்கும் மகள் மமதா, அவர் சம்மதமில்லாமல் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவரிடம் பேசுவதில்லை. அவரும் பேசுவதில்லை. இன்று மட்டும் ஒரு தடவை வீடியோவில் பேசிப் பார்க்கிறேன், சரிப்படவில்லை என்றால் இனி கேட்காதே என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

"என் போன்லயே பேசுங்களேன்" என்றாள் சந்திரம்மா.

"எம் பொண்ணுகிட்டப் பேச இரவல் போனா?"

வெளியே சொன்ன காரணம் அது. மகள் குரலைக் கேட்டதும் அவர் அழுதுவிடுவார், அதை அவள் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் உள்ளே இருந்த காரணம். அந்த லேப்டாப் கேமரா வைக்கிற வழக்கமே வராத காலத்தது. மூடியில் ஒரு பொட்டு ஓட்டைகூடக் கிடையாது. அதற்காகவே அதை வாங்கினார்.

நனைந்த கீபோர்டைக் கழற்றி உதறி, ஜன்னல் கட்டையில் காயப்போட்டார். அதன் பட்டை ஒயர் நாக்கு மாதிரித் தொங்கியது. நல்லவேளை, தண்ணீர் போர்டுக்கு இறங்கவில்லை. வெளிக் கீபோர்டு ஒன்றைச் செருகியதும் மிஷின் உயிர் பெற்றது.

"பூஜை போட்ட ஆயுதத்தை இன்னிக்குத் தொடக் கூடாதுங்க. நாளைக்குத்தான்."

"அது ஆயுதமில்லடி. எம் மவ."

சந்திரம்மா பொரி கடலைப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு நீலசந்திராவிலிருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள்.

வீடு அடங்கியது. வரலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்த மழை ஆஸ்டின் டவுன் மாடிகளின் மேல் பெய்யத் தொடங்க, தெருவில் உடைத்துப்போட்ட பூசணிக்காய்களின் பச்சை வாடையும், அணைந்த கற்பூரத்தின் கரிந்த வாடையும், அவை இரண்டுக்கும் அடியில், நெடுநாள் பூட்டிக்கிடந்த ஏசி ஆபீஸில் அடிக்கிற குளிர்ந்த கம்பள வாடையும் அறைக்குள் மெல்ல நிரம்பின. எத்திராஜ் ஒரு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டு, பழைய மிஷினுக்குள் யாருடைய ஆபீஸ் தூசியோ இன்னும் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சில்லென்றிருந்தது. பின்னால் சுவரில் தொங்கிய காலண்டர் ஒரு தடவை சரசரத்து ஓய்ந்தது.

டக்.

பல்லி என்று நினைத்தார்.

டக். டக். டக்.

சத்தம் ஜன்னல் பக்கமிருந்து வந்தது. காயப்போட்ட கீபோர்டில் ஒரு பொத்தான் அமுங்கி எழுந்தது. அதற்கடுத்து இன்னொன்று. அவசரமே இல்லாத ஒரு ஆள், நாள் முழுக்க நேரம் இருக்கிற ஒரு ஆள் டைப் அடிப்பதுபோல. பட்டை ஒயர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எதிலும் செருகப்படாமல்.

அவர் திரையைப் பார்த்தார். காலியாயிருந்த செய்திப் பெட்டிக்குள் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

எந்திரி.

எத்திராஜ் வாசலைப் பார்த்தார். ஓடியிருக்கலாம், கதவும் திறந்துதான் இருந்தது. ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் மமதா கூப்பிடுவாள். எடுக்காவிட்டால் அதோடு சரி. பயம் முற்ற முற்ற அவருக்குக் கிண்டல் பொங்கும். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். விரல்களை வெளிக் கீபோர்டில் வைத்து, பஸ்ஸில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிக் கன்னடத்தில் கெஞ்சுவதுபோல அடித்தார்.

சொல்ப அட்ஜஸ்ட் மாடி சார். எம் பொண்ணு கூப்பிடுவா.

ஜன்னல் கட்டையில் பொத்தான்கள் அமுங்கின.

என் சீட்.

"உஞ் சீட்டா?" சத்தம் போட்டே கேட்டார். "மிஷின் நீ வச்சிருந்தது. ஒத்துக்கிறேன். சேரு நான் வாங்கினது. வீடு நான் இருக்கிறது. பேசி முடிக்கிற வரைக்கும் அசைய மாட்டேன். இன்னா செய்வ?"

டக் டக் நின்றது. மழையும் நின்றது. கம்பள வாடை மட்டும் நெருங்கியது. முழங்கால்கள் ஏனோ வலித்தன, வெகுநேரமாக நின்றுகொண்டிருப்பவருக்கு வலிப்பதுபோல.

லேப்டாப்பில் அழைப்பு மணி அடித்தது. திரையில் மமதா. இளைத்திருந்தாள். பின்னால் விடிகாலை வெளிச்சம்.

"அப்பா."

"கண்ணு." அவ்வளவுதான் வந்தது.

"சாப்ட்டீங்களா?"

"பொரி... கடலை... நீ?"

அவள் சிரித்தாள். அந்த ஒரு சிரிப்புக்காக இந்த ஆபீஸ்காரனோடு இன்னும் எத்தனை நாள் வேண்டுமானாலும் சண்டை போடலாம் என்றிருந்தது அவருக்கு. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்கவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள்?

"நீலச் சட்டை நல்லாருக்குப்பா. பண்டிகைக்கு எடுத்ததா?"

எத்திராஜ் குனிந்து பார்த்தார். பனியன். மஞ்சள் கறை பட்ட வெள்ளைப் பனியன்.

"கேமராவே இல்லியேம்மா இதுல."

"வெளயாடாதீங்க. தெரியுதே. ஆனா நெட்டு ஸ்லோ. நீங்க பேசறது கேக்குது, வாய் அசையவே இல்ல."

காது ஓரத்தில் காலண்டர் சரசரத்தது. காது ஓரத்தில். உட்கார்ந்தால் அது தலைக்கு மேலல்லவா இருக்கும்?

"மமதா. நல்லாப் பாரு. அது நானா?"

"என்னப்பா கேள்வி... லைட்டு கம்மியா இருக்கு. இருங்க."

முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தாள். சிரிப்பு வடிந்தது.

"அம்மா எங்க?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அம்மாவக் கூப்பிடுங்க மொதல்ல."

"மமதா. எப்பவும் நான்தான் ஜோக் அடிச்சு மழுப்புவேன். நீ நேராப் பேசறவ. அதான உங்கிட்ட எனக்குச் சண்டையே. நேராச் சொல்லு. சேர்ல இருக்கிறது நானா?"

அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

"இல்ல. நீலச் சட்டை, கழுத்துல ஆபீஸ் கார்டு. யாரோ. நீங்க அவனுக்குப் பின்னால, காலண்டர் பக்கத்துல, செவுத்தோட ஒட்டி நிக்கிறீங்க. கண்ண மூடிட்டிருக்கீங்க. திறங்கப்பா. கண்ணத் திறங்க."

எத்திராஜ் திறந்தார்.

முதுகில் சுவர். ஈரச் சுவர். முன்னால் அவருடைய நாற்காலி. அதற்கு மேலே எண்ணெய் வைத்துப் படிய வாரிய ஒரு பின்னந்தலை. அதையும் தாண்டி, திரையில், அவர் மகள். நீலக் கை ஒன்று அவள் கன்னத்தைத் துடைக்கப்போவதுபோலத் திரையை நோக்கி நீண்டுகொண்டிருந்தது.

கால்கள் அசையவில்லை. வாய் மட்டும் இருந்தது.

"அது எம் பொண்ணுய்யா" என்றார் எத்திராஜ். "எந்திரி."

கை நின்றது. பின்னந்தலை மெதுவாகத் திரும்பத் தொடங்கியது.