தலை முதலில் போகட்டும்

ஒட்டகச்சிவிங்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அப்பா முன்னால் நடந்தார். அதன் பின்னங்கால்களைப் பிடித்தபடி குண்டூசி பின்னால் ஓடினாள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

குண்டூசி என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். ஆள் ஒல்லி, வாய் மட்டும் கூர்மை. அப்பா தையல்காரர். துணி சுற்றி வரும் அட்டைக் குழாய்கள் கடையில் குவிந்து கிடக்கும். அவற்றை ஒட்டி, வண்ணம் பூசி, சித்தி மகன் பொடியனுக்காக அவளே செய்த ஒட்டகச்சிவிங்கி அது.

பக்கத்து வீட்டில் இருந்தவரை பொடியன் தினமும் அதன் அருகில் நின்று உயரம் பார்ப்பான். குண்டூசி அந்த உயரத்தில் சிவப்புக் கிரேயானால் கோடு போட வேண்டும்.

"வளந்துட்டேனா அக்கா?"

ஒரே நாளில் எங்கே வளர்வது? நேற்றைய கோட்டின் மேலேயே இன்றைய கோடும் விழும்.

சித்தப்பாவுக்கு வேலை மாற்றலாகி, அவர்கள் தூர ஊருக்குப் போய்ச் சில மாதங்கள் ஆகின்றன. புது வீட்டில் பொடியனுக்குச் சரியாகத் தூக்கமே இல்லை. போனில் எப்போதும் ஒரே கேள்விதான்.

"ஒட்டகச்சிவிங்கி என்னைத் தேடுதா அக்கா?"

நேற்று கேட்டபோது அழுதேவிட்டான். குண்டூசி உடனே, "ரொம்பத் தேடுது. உன்கிட்டயே வரப்போகுது பாரு" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

பார்சல் ஆபீசில் அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "முப்பது கிலோ வரைக்கும் அனுப்பலாம்னு சொன்னாங்க. வீட்டுலயே எடை போட்டுட்டோம். இது ஒரு பூனை கனம்கூட இல்ல!"

கவுன்ட்டரில் இருந்த அக்கா ஒட்டகச்சிவிங்கியை அண்ணாந்து பார்த்தாள். "எடை சரி சார். நீளம் எவ்வளவு?"

அப்பா திருதிருவென்று விழித்தார். ஊருக்கே அளவெடுப்பவர் இதை அளக்க மறந்துவிட்டார். இத்தனைக்கும் இன்ச் டேப் அவர் கழுத்தில்தான் தொங்கியது. வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அளந்து பார்த்ததும் அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "ஒன்றரை மீட்டருக்கு மேல எடுக்க மாட்டோம் சார். வண்டியில அவ்வளவுதான் இடம். நீட்டிக்கிட்டு இருந்தா, கதவைச் சாத்தும்போது கழுத்துதான் முதல்ல உடையும்."

"கொஞ்சம் குனிஞ்சு நிக்கச் சொல்லலாமா?" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை. குண்டூசியின் முகம் அப்படி வாடியிருந்தது.

"சரி விடும்மா" என்று அவள் தலையைத் தடவினார். "சின்னதா புதுசு ஒண்ணு வாங்கி அனுப்பிடலாம்."

"புதுசுல அவன் கோடு இருக்காதேப்பா."

குண்டூசி பெஞ்சில் உட்கார்ந்து சிவப்புக் கோடுகளைத் தடவிப் பார்த்தாள். உடம்பு முடிந்து கழுத்து ஆரம்பிக்கும் இடத்தில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நின்றிருந்தன. அதற்கு மேலே வெறும் மஞ்சள்தான்.

சட்டென்று எழுந்தாள். "கடைக்குப் போலாம்ப்பா. கழுத்தை வெட்டணும்."

"என்னது! ஆசையா செஞ்ச நீயே வெட்டுறியா?"

"கடைசிக் கோட்டுக்கு மேல ஒரு விரல் தள்ளி வெட்டினா அவன் கோடு எல்லாம் பத்திரமா இருக்கும். உள்ள ஒரு சின்னக் குழாயைச் சொருகி ஒட்டினா, சித்தப்பாவே தலையை மாட்டிடுவார்."

சொல்லும்போது எளிதாகத்தான் இருந்தது. கத்தியைக் கழுத்தில் வைத்துவிட்டு இரண்டு முறை எடுத்துவிட்டாள். ஒரு மாதம் உட்கார்ந்து செய்த கழுத்து அல்லவா! அப்பா அவள் கைமேல் கை வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் இரண்டு பெட்டிகளோடு மறுபடியும் பார்சல் ஆபீஸ். எடையும் சரி, நீளமும் சரி. கவுன்ட்டர் அக்காவுக்கே சந்தோஷம்.

"ஆனா ரெண்டும் ஒரே நாள்ல போய்ச் சேரும்னு சொல்ல முடியாதும்மா" என்றாள்.

குண்டூசிக்குத் திக்கென்றது. தலையில்லாத உடம்பு முதலில் வந்து இறங்கினால் பொடியன் வீறிட்டு அழுவானே!

"அப்போ தலை முதல்ல போகட்டும் அக்கா. உடம்பை ரெண்டு நாள் கழிச்சுக் கொண்டுவரோம்."

"மறுபடியும் தூக்கணுமா?" என்று அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா சிரித்தாள். "இங்கயே இருக்கட்டும் சார். தலை போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க. உடம்பை நானே ஏத்திவிடறேன்."

அடுத்த வாரம் சித்தியிடமிருந்து போன் வந்தது. "தலை வந்த அன்னைக்கே பக்கத்துல படுக்க வெச்சுக்கிட்டு அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினான்டி. இன்னைக்கு உடம்பு வந்ததும் தலையைத் தரவே மாட்டேன்னு ஒரே அடம்!"

அதற்குள் பொடியன் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"அக்கா! மாட்டியாச்சு! அப்பா எனக்குப் புதுக் கோடு போட்டாங்க. நான் ஒரு விரல் வளந்துட்டேன்!"

"அப்படியா! கோடு எங்க வந்துச்சு?"

"நீ வெட்டின இடத்துலயே வந்துச்சு அக்கா. இப்ப ஒட்டுப் போட்டது தெரியவே இல்ல!"