தண்ணீருக்குப் பனி

கரண்டு காலையிலேயே போய்விட்டது. ஹீட்டரின் சிவப்பு விளக்கும் அணைந்துதான் கிடந்தது. அப்படியிருந்தும் மீன்தொட்டிக் கண்ணாடியில் கை பட்டதும் குளோரிக்குச் சுட்டது.

தொண்ணூற்றேழு மழைக்காலம். கேரளக் கரையின் பொழியூரில் ஓட்டின் மேல் விழும் மழைச் சத்தமும் கடலின் இரைச்சலும் ஒன்றாகக் கலந்து, ஈரத்துணியும் மண்ணெண்ணெயும் மணக்கும் அந்த அறையை அந்தியிலேயே இருட்டு மூடியிருந்தது. தொட்டி குளிர்ந்துபோனால் ஏஞ்சல் மீன்கள் சாகுமே என்றுதான் பகல் முழுக்கப் பயந்து கிடந்தாள். இப்போது அவை மேலே வந்து வாயைப் பிளந்து தவித்தன.

அவை டீனாவின் மீன்கள். டீனா, ஜோக்கிமின் முதல் தாரத்து மகள். தூத்துக்குடியிலிருந்து இரண்டாம் தாரமாக வந்த குளோரியை அம்மா என்று ஒருநாளும் அழைக்காத பிள்ளை, போன மாதம் ஒரு மத்தியானம், "அம்மே, பனிக்குது" என்று மடியில் வந்து விழுந்தது. அம்மே என்றதில் இவளுக்குத் தலைகால் புரியவில்லை. பனி என்றால் குளிர்தானே? ஜன்னலை அடைத்து, கம்பளி மேல் கம்பளியாகப் போர்த்தி, பொழுது சாயும்வரை அணைத்துக்கொண்டே கிடந்தாள். கம்பளிச் சூடு என்றே நினைத்தாள், பாவம். இந்த ஊரில் பனி என்றால் காய்ச்சல் என்பது டீனாவின் அடக்கத்துக்கு வந்த பெண்கள் சொல்லித்தான் தெரிந்தது.

அதன்பிறகு ஜோக்கிம் அவளிடம் வாய் திறந்தது ஒரே ஒரு முறை, கடலுக்குக் கிளம்பும்போது.

"அவளுக்க மீனையாவது சாவ விட்டிராதே, கேட்டியா."

மீன் விற்கும் பக்கத்து வீட்டு ஷீஜாவிடம் ஓடி, பெட்டியிலிருந்த ஐஸ் கேட்டாள்.

"மழைக்குத் தொட்டி வெள்ளம் தன்னே தணுத்துக் கெடக்குமே அக்கா. ஐஸு எதுக்கு?" என்றாள் ஷீஜா.

குளோரி ஐஸை வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

கட்டியைப் பிடித்தபடியே கையைத் தொட்டிக்குள் விட்டாள். கரைந்தது. இன்னொன்று. அதுவும் கரைந்தது. சூடு தணியவில்லை. தெரிந்த சூடு. அன்றைக்கு மார்போடு கிடந்த சூடு.

ஒரு மீன் சாய்ந்தது. அடுத்தது. வெள்ளை வயிறுகள் அவள் கையைச் சுற்றி மிதந்தன. கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

வாசலில் ஈரக் காலடி. ஜோக்கிம். உள்ளே வராமலே கேட்டான்.

"மீனுக்கு உயிரு உண்டா?"

தண்ணீருக்குள் சின்ன விரல்கள் அவள் விரல்களைப் பற்றியிருந்தன, கொதிக்கக் கொதிக்க.

"உண்டு" என்றாள் குளோரி. மற்றக் கையையும் உள்ளே விட்டு, அந்த விரல்களை இறுகப் பொத்திக்கொண்டாள்.